அலகு வந்த வழி, உருக்கு போன வழி

2023 மே மாதம் லண்டனில் பான்ஹாம்ஸ் நிறுவனம் திப்பு சுல்தானின் வாள் ஒன்றை ஏலம் விட்டது. 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போயிற்று. நம் கணக்கில் 140 கோடி ரூபாய்க்கும் மேல். பத்திரிகைகள் விலையைத் தலைப்பில் போட்டன. ஏலக் குறிப்பில் இருந்த இன்னொரு தகவல் பெரிதாகப் பேசப்படவில்லை. 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குள் வந்த ஜெர்மன் அலகுகளைப் பின்பற்றி முகலாயக் கொல்லர்கள் அடித்த அலகு அது என்று அங்கே எழுதியிருந்தது. இந்திய உருக்கை ஆங்கிலேய விஞ்ஞானிகளே வியந்து சோதித்துக்கொண்டிருந்த காலத்தில், மைசூர்ச் சீமையின் சுல்தான் பக்கத்தில் வைத்திருந்த வாளின் வடிவம் ஐரோப்பாவிலிருந்து வந்தது.

இரும்புத் தொழிலில் கைதேர்ந்த ஒரு சமூகம் எதற்காக அயல்நாட்டு அலகை விலைகொடுத்து வாங்குகிறது? அப்படி வாங்கியதால்தான் உள்ளூர் உலை அணைந்ததா, அல்லது அணைத்தது வேறேதாவதா? இந்தக் கேள்வியை ஆப்பிரிக்க வரலாற்றை எழுதுகிறவர்கள் நீண்ட நாளாகக் கேட்டுவருகிறார்கள். சகாரா பாலைவனத்தின் இருபுறமும் இருந்த அரசுகளின் வாள்களில் ஜெர்மன் அலகு இருந்ததே அதற்குக் காரணம். நம் பக்கத்தில் அதே கேள்வியைக் கேட்டுப்பார்க்க ஓசூரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. மேற்கே மாகடியும் சென்னப்பட்டணமும், தெற்கே சேலத்துக் கஞ்சமலை, கிழக்கே பர்கூர்ப் பக்கத்து மயிலாடும்பாறை. தென்னிந்திய உருக்கின் கதையில் முக்கியமான பெயர்கள் பலவும் இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அலகு வணிகத்தால் எந்த உலையும் அணையவில்லை. ஆட்சி கைமாறியபோதுதான் அணைந்தது. இதை ஆப்பிரிக்கச் சான்று ஒரு பக்கமிருந்தும் நம் சான்று மறுபக்கமிருந்தும் காட்டுகின்றன.

ஆப்பிரிக்காவுக்குப் போவோம். ஜெர்மானியப் பயணி ஹைன்ரிக் பார்த் 1851இல் இன்றைய வட நைஜீரியாவிலுள்ள கானோ நகரில் தங்கினார். அங்கே நடந்த வணிகத்தைச் சரக்கு வாரியாகக் கணக்கெடுத்தார். ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்த வாள் அலகுகள் வெறும் அலகாகவே வந்து இறங்குவதையும், கானோவின் கைவினைஞர்கள் அவற்றுக்குப் பிடியும் உறையும் போடுவதையும், பிறகு அவை துவாரக், ஹௌசா, போர்னு மக்களிடம் விற்பனையாவதையும் பதிந்திருக்கிறார். ஆண்டுக்கு ஏறக்குறைய 5 கோடி சோழி மதிப்புக்கு அந்த வியாபாரம் நடந்தது என்பது அவர் மதிப்பீடு. சோழிதான் அங்கே நாணயம். அந்தச் சோழியும் நெடுங்காலம் மாலத்தீவிலிருந்து நம் கடல் வழியாகத்தான் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்ச்சேர்ந்தது.

சோலிங்கனில் ஆற்று நீர் சம்மட்டியையும் சாணைக்கல்லையும் ஓட்டியது. அடிப்பவர், சாணை பிடிப்பவர், மெருகேற்றுபவர் என்று வேலை பிரிந்திருந்தது. அதனால் ஒரே மாதிரியான, நீளமான, வளைத்தால் திரும்ப நிமிர்கிற அலகை ஆயிரக்கணக்கில் மலிவாகத் தள்ள முடிந்தது. அவை திரிபோலித் துறைமுகத்தில் இறங்கி ஒட்டகத்தில் ஏறின. துவாரக் மக்களின் தக்கூபா, சூடான் நாட்டுக் கஸ்காரா, எத்தியோப்பியப் படைத்தலைவர்களின் வாள் ஆகியவற்றில் இப்படி வந்த அலகுகளை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். ஓடும் ஓநாய், பிறைநிலா, கவசமணிந்த வீரன் என்று சோலிங்கன் பட்டறைகளின் முத்திரைகள் அவற்றில் குத்தப்பட்டிருக்கும். பின்னாளில் அதே பிறைநிலாவை உள்ளூர்க் கொல்லர்களும் தாங்கள் அடித்த அலகுகளில் குத்தினார்கள். வாங்குபவர்கள் அந்த முத்திரையைத் தேடினார்கள். கொல்லர்களும் அதைக் கொடுத்தார்கள்.

இதை வைத்துக் காலனியக் காலத்து எழுத்தாளர்கள் பலர், ஆப்பிரிக்கர்களுக்கு நல்ல இரும்பு செய்யத் தெரியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். அது பிழை. இன்றைய தான்சானியாவில் வாழும் ஹாயா மக்களின் முன்னோர்கள், சுமார் 1500 ஆண்டுகளுக்கும் முன்பே உலைக்குள் ஊதும் காற்றைச் சூடேற்றி கரிம உருக்குச் செய்ததாக பீட்டர் ஷ்மிட், டொனால்ட் ஏவரி இருவரும் 1978இல் சான்றோடு எழுதினார்கள். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னே, 1154இல் சிசிலி மன்னர் ரோஜருக்காக நூல் எழுதிய அல்-இத்ரீசி, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் இரும்பை வணிகர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்து நல்ல விலைக்கு விற்றதாகச் சொல்கிறார். அதே நூலில், இந்திய வாளைவிடக் கூரியது இல்லை என்றும் சொல்கிறார். ஆப்பிரிக்க இரும்பு, இந்தியக் கொல்லரின் கை, அரபு வாங்குநர்: அந்தக் கடலில் ஒரு வாள் எந்த ஊர் வாள் என்று கேட்டால் ஒரே ஊரைப் பதிலாகச் சொல்ல முடியாது. அதே நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜூ என்ற யூதர், ஏடனுக்கு இரும்பு அனுப்பிய கடிதங்கள் கெய்ரோவின் பழைய தொழுகைக்கூடக் கிடங்கில் கிடைத்துள்ளன. மங்களூர்த் துறைக்கு இரும்பு மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பக்கத்திலிருந்துதான் இறங்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆக, ஆப்பிரிக்க அரசுகளில் மூன்று நிலை ஒரே சமயத்தில் நிலவியது. உள்ளூரில் இரும்பு உருக்கினார்கள். வெளியிலிருந்து அலகு வாங்கினார்கள். வந்த அலகைத் தங்கள் வாளாக மாற்றிக்கொண்டார்கள். துவாரக் சமூகத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் இனாடன் எனப்படும் கைவினைஞர் பிரிவினர். பிடியில் தோல் பின்னுவது, பித்தளை பதிப்பது, உறையில் கோலமிடுவது எல்லாம் அவர்கள் கையில். அலகு சோலிங்கனுடையது என்பதற்காக அந்த வாளை யாரும் ஜெர்மன் வாள் என்று சொன்னதில்லை.

நம் தஞ்சாவூரும் இப்படித்தான் நடந்துகொண்டது. நாயக்கர் காலத்திலும் அடுத்து வந்த மராத்தியர் காலத்திலும் தஞ்சை அரண்மனைக்குச் செய்த கட்டாரிகளில் கணிசமானவை ஐரோப்பிய அலகு பொருத்தியவை. போர்த்துக்கீசியர் கோவாவைப் பிடித்த 1510க்குப் பிறகு மேற்குக் கரையில் ஐரோப்பிய அலகுகள் இறங்கத் தொடங்கின. தக்காணத்தில் ஐரோப்பியரைக் குறிக்கும் பிரங்கி என்ற சொல்லே ஒரு வாளுக்குப் பெயராயிற்று. இத்தகைய கட்டாரி ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தால் செய்முறை முழுவதும் வெளியே தெரிகிறது. நீண்ட ஐரோப்பிய வாளை வேண்டிய அளவுக்கு வெட்டியிருப்பார்கள். வெட்டிய துண்டின் அடிப்பகுதியை இரண்டு உருக்குப் பட்டைகள் இருபக்கமும் கவ்விப் பிடித்திருக்கும். அவற்றின் ஊடே தறையாணி இறங்கியிருக்கும். அலகின் நடுவே ஓடும் பள்ளக் கோட்டில் ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்து, வெட்டிய இடத்தில் பாதியில் நிற்கும். பல அலகுகளில் அந்த எழுத்து ஆந்த்ரேயா ஃபெராரா என்ற பெயர். 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் பெல்லூனோவில் வாழ்ந்த வாள் கொல்லர் அவர். அவர் மறைந்து நூறு இருநூறு ஆண்டு கழித்தும் சோலிங்கன்காரர்கள் அவர் பெயரைக் குத்தி விற்றார்கள். போலிப் பெயர் தாங்கிய அந்த அலகின் மேலே, தஞ்சைக் கம்மாளர் யாளியும் அன்னமும் கிளியும் நெளிந்தோடும் கைக்காப்பை உருக்கிலேயே துளைத்துச் செதுக்கியிருக்கிறார். உழைப்பில் பெரும்பங்கு பிடிக்குத்தான் போயிருக்கிறது.

தென்னிந்திய ஆயுதங்களை ஆராய்ந்த ராபர்ட் எல்குட், இந்த ஆயுதங்களைக் கோயில் சிற்பத்தோடும் சடங்கோடும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று காட்டியவர். அந்த அணுகுமுறை எனக்கு உடன்பாடானது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கிற நடுகற்களைப் பார்க்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஓங்கிய கையில் வாள், இடையில் குறுவாள், சுற்றிலும் அந்த வீரன் மீட்ட மாடுகள். ஆயுதபூசையில் வாளுக்குப் பொட்டு வைக்கிறவர் அதன் அலகு எந்த நாட்டுத் தாதுவில் பிறந்தது என்று கேட்பதில்லை.

அந்தத் தஞ்சை ஆயுதசாலைக்கு நேர்ந்த கதியையும் இங்கே சொல்ல வேண்டும். 1855இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, அவர் அரசைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1860களில் ஆயுதசாலையைக் கலைத்தார்கள். சிறந்தவை என்று பொறுக்கியவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மற்றவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்ஹவுஸ் 1878இல் ‘இந்தியன் ஆண்டிகுவரி’ இதழில் இதை எழுதிவைத்தார். எழும்பூரில் இன்று நாம் பார்ப்பது தப்பியவற்றை மட்டுமே.

இனி உருக்கு. வெளியிலிருந்து அலகு வந்துகொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில் இங்கிருந்து உருக்குக் கட்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் மசூலிப்பட்டினம் வழியாக அதை ஏற்றினார்கள். தெலங்கானாவின் கோனசமுத்திரத்துக்குப் பாரசீக வணிகர்களே நேரில் வந்து, உலைக்களத்தில் உட்கார்ந்து, கட்டியைச் சோதித்து வாங்கியதை 1820களில் அங்கே சென்ற வாய்சி என்ற மருத்துவர் குறித்திருக்கிறார்.

ஓசூர்ப் பக்கத்துச் செய்முறைக்கு நமக்கு மிக நல்ல சாட்சி பிரான்சிஸ் புக்கானன். திப்பு வீழ்ந்த மறு ஆண்டே, 1800இல், கும்பினி அவரை மைசூர்ச் சீமை முழுக்க நடந்து பார்த்துவர அனுப்பியது. மாகடிப் பக்கத்து கெட்டிபுரத்தில் மழைக்குப் பின் ஓடைகள் ஒதுக்கும் கருமணலைக் கழுவி இரும்பு எடுப்பதை அவர் பார்த்தார். எடுத்த இரும்பைத் துண்டாக்கி, மண்ணால் செய்த மூசையில் போடுவார்கள். கூடவே அளந்த எடைக்கு ஆவாரங்குச்சி, மேலே பச்சை இலை. மூசையின் வாயைக் களிமண்ணால் அடைத்து, பதினைந்து மூசை வரை உலையில் வளைவாக அடுக்கி, மணிக்கணக்கில் துருத்தி ஊதுவார்கள். மூடிய மூசைக்குள் ஆவாரங்குச்சி கரியாகிறது. அந்தக் கரி இரும்பில் ஏறுகிறது. கரிமம் ஏற ஏற இரும்பு உருகும் வெப்பநிலை இறங்குகிறது. அதனால் மரக்கரி உலையிலேயே இரும்பு முழுதாக உருகி, ஆறும்போது அடியில் உள்ளங்கை அளவுக் கட்டியாக உறைகிறது. மூசையை உடைத்தால் உருக்கு. கரிமம் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் இருக்கும். அப்படிப்பட்ட உருக்கைத் தணிந்த சூட்டில் பொறுமையாக அடித்து நீட்டினால் அலகின் மேல் நீரலை போன்ற வரிகள் தோன்றும்.

ஆவாரைச் செடி ஓசூர் சாலை ஓரமெங்கும் மஞ்சளாகப் பூத்துக்கிடக்கிறது. சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைக்கப் பறிக்கிறார்கள். தோல் பதனிடப் பட்டை உரித்ததும் உண்டு. உலகப் புகழ் பெற்ற ஓர் உருக்கின் உட்பொருள் அது என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் பாடத்திலேயே சொல்லலாம். மூடிய கலத்தில் கரிமம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட அருகில் ஓர் உதாரணம் கிடையாது.

புக்கானன் குறிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சென்னப்பட்டணம். இன்று மரப்பொம்மைக்குப் பெயர்பெற்ற அந்த ஊரில் அன்று உருக்குக் கம்பி இழுத்தார்கள். வீணை போன்ற இசைக்கருவிகளுக்கான தந்தி அது. இந்தியாவின் தொலைதூர ஊர்களுக்கெல்லாம் போனது. உருக்கு என்றதும் வாளையே நினைக்கிற பழக்கம் நமக்கு வந்துவிட்டது. கலப்பைக் கொழு, கல்தச்சர் உளி, நாவிதர் கத்தி, வீணைத் தந்தி ஆகியவைதான் உலையை அன்றாடம் எரியவைத்தவை. வாள் எப்போதாவது வரும் வேலை. இந்த வேறுபாடு கட்டுரையின் பிற்பகுதிக்கு முக்கியம்.

தொன்மை பற்றி நெடுக எழுதத் தேவையில்லை. அண்மைக் காலத்தில் நிறையப் பேசியாயிற்று. மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2021இல் அகழ்ந்தபோது ஈமக்குழியிலிருந்து ஓர் இரும்பு வாளும் கிடைத்தது. அந்தத் தளத்தின் இரும்புக்காலம் பொ.ஆ.மு. 2172 வரை பின்னால் போகிறது என்ற முடிவு 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. சேலம் மாவட்டத் தெலுங்கனூரில் கிடைத்த வாள் உருக்காலானது. கொடுமணலில் மூசை உலைக்கான தடயங்கள் கிடைத்தன. மேல்சிறுவளூரில் மூசை உருக்கு செய்த இடத்தை சாரதா சீனிவாசன் 1990களில் கண்டறிந்தார்.

பிரிட்டனின் ஆய்வுக்கூடங்கள் இந்த உருக்கை எதிர்கொண்ட கதை 1794இல் தொடங்குகிறது. பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட், லண்டன் ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு மாதிரிகளை அனுப்பினார். மறு ஆண்டு ஜார்ஜ் பியர்சன் ஆய்வறிக்கை படித்தார். அறுவைக் கருவிகள் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதில் கத்தி செய்துபார்த்து, ஐரோப்பாவில் கிடைக்கும் எந்த உருக்கையும்விட இதுவே மேல் என்று தன் கடை அட்டையிலேயே அச்சிட்டார். ஒரு கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடே 1819இல் அதைப் பகுத்துப் பார்த்தார். பிறகு ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து உருக்கோடு வேறு உலோகங்களைக் கலந்து சோதித்தார். உலோகக் கலவை அறிவியலின் தொடக்கங்களில் ஒன்று அது. அந்த ஆய்வுக்கூடங்களில் நம் உருக்கின் பெயர் இருந்தது. செய்தவர்களின் பெயர் எதுவும் இல்லை.

அடுத்த கட்டம் ஜோசையா மார்ஷல் ஹீத். சென்னை மாகாணத்தில் கும்பினி அலுவலராக இருந்தவர் வேலையை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து. கரி காட்டிலிருந்து. கும்பினி கடனும் தனியுரிமையும் கொடுத்தது. ஆலை நட்டத்திலேயே நடந்தது. சுற்றுவட்டக் காடு கரியாகித் தீர்ந்தது. நிறுவனம் பெயர் மாறி மாறி இழுத்துக்கொண்டு போய் 1860களில் அணைந்தது. ஆனால் ஹீத் இங்கிலாந்து திரும்பி 1839இல் பெற்ற காப்புரிமை வேறு விளைவைத் தந்தது. மூசையில் மாங்கனீசைச் சேர்த்தால் மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல உருக்குக் கிடைக்கும் என்பது அது. ஷெஃபீல்டு முழுக்க அதைப் பயன்படுத்தியது. வழக்குகளில் அலைந்து 1851இல் ஹீத் ஏழையாக இறந்தார். பரங்கிப்பேட்டையில் தோற்ற ஒருவரின் கண்டுபிடிப்பில் ஷெஃபீல்டு பணம் பார்த்தது.

இப்போது மையக் கேள்வி: நம் மூசை உலைகள் ஏன் அணைந்தன? அறிஞர்கள் சொல்லும் காரணங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. வெர்ஹோவன், பெண்ட்ரே முதலியோர் 1998இல் முன்வைத்த கருத்து தாது பற்றியது. அலகில் வரி தோன்ற வனேடியம் போன்ற தனிமங்கள் மிக நுண்ணிய அளவில் வேண்டும். அந்தத் தாது தீர்ந்ததும் கலையும் தீர்ந்தது என்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் நிறுவிய நல்ல வேலை இது. ஆனால் அது வரியோடிய வாளுக்கு மட்டும் விளக்கம். உளிக்கும் கொழுவுக்கும் தந்திக்கும் வரி தேவையில்லையே. அந்த உலைகள் ஏன் அணைந்தன? துப்பாக்கி வந்து வாளை ஒழித்தது என்போர் இன்னொரு சாரார். துப்பாக்கி 16ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. உலைகள் 19இல்தான் சாகின்றன. இடையே முன்னூறு ஆண்டு இருக்கிறது.

இறக்குமதி இரும்பு வலுவான காரணம். அதையும் தனியே எடுத்துப் பார்க்க முடியாது. சோலிங்கன் அலகு பல தலைமுறைகளாக வந்தும் கானோவின் கொல்லுப்பட்டறை மூடவில்லை. இத்தாலியப் பெயர் பொறித்த அலகு வந்தும் தஞ்சைப் பட்டறை மூடவில்லை. சந்தை அங்கே உள்ளூர் அரசின் கையில் இருந்தது. வரியை யார் வாங்குவது, காட்டை யார் வெட்டுவது, யார் வாள் வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் முடிவு செய்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். அது கைமாறியதும் வரிசையாக எல்லாம் நடந்தது.

இந்த எல்லைப் பகுதியில் அந்தக் கைமாற்றத்துக்குத் தேதி சொல்லலாம். 1791 ஜூலையில் கார்ன்வாலிஸின் படை ஓசூரையும் இராயக்கோட்டையையும் பிடித்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால், அதாவது கிருஷ்ணகிரிப் பக்கம், கும்பினிக்குப் போயிற்று. ஓசூர் திப்புவிடமே இருந்து 1799இல்தான் போயிற்று. ஏழு ஆண்டு காலம் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே இரண்டு அரசுகளின் எல்லை ஓடியது. எல்லைக்கு மேற்கே திப்புவின் ஆயுதக் கூடங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் பெங்களூரிலும் சித்ரதுர்க்காவிலும் பிதனூரிலும் கொல்லர்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தன. கிழக்கே அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி போட்டுக்கொண்டிருந்தார்கள். பாகலூர், பேரிகை, சூளகிரி என்று இந்தப் பக்கமெங்கும் இருந்த சிறு பாளையங்களுக்கு வாள் பிடிக்கும் ஆட்கள் தேவைப்படாத காலம் தொடங்கிவிட்டது.

தெற்கே பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பரில் ஆளுநர் எட்வர்ட் கிளைவ், ஆயுதம் வைத்திருக்கத் தடை விதித்துப் பிரகடனம் வெளியிட்டார். 1857 கிளர்ச்சியை ஒட்டி அந்த ஆண்டிலும் 1860இலும் ஆயுதச் சட்டங்கள் வந்தன. 1878இல் லிட்டன் காலத்துச் சட்டம் வாளையும் ஈட்டியையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. குடகர்களுக்கு 1861இலிருந்தே விலக்கு இருந்தது. அவர்கள் வீட்டில் வாள் வழக்கில் தங்கிப்போனதற்கு இந்த விலக்கும் ஒரு காரணம் என்று துணிந்து சொல்லலாம். சட்டம் எங்கே பாயவில்லையோ அங்கே வாள் பிழைத்தது.

வாள் போனாலும் கொழு இருந்ததே என்றால், அதற்கு வரியும் காடும் பதில். கைத்தொழில் செய்வோரிடம் வசூலித்த மொட்டர்பா வரி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சென்னை மாகாணத்தில் நீடித்தது. 1882 சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடாக்கியது. மரக்கரி இல்லாமல் மூசை உலை இல்லை. இதற்கிடையே 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. துறைமுகத்தில் இறங்கிய சீமை இரும்பு மலையடிவாரச் சந்தைக்கே வந்துசேர்ந்தது. மரக்கரிக்கு அனுமதி கேட்டு நிற்க வேண்டிய இரும்பும், கப்பலிலும் ரயிலிலும் தடையின்றி வரும் இரும்பும் ஒரே சந்தையில் விலைக்கு நின்றால் எது தோற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதைச் சந்தைப் போட்டி என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது அந்தத் தொழிலாளிகளுக்குச் செய்யும் அநீதி.

சேலத்தில் அருணாசலம் என்ற கத்திக் கொல்லர் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார வேட்டைக்காரர்களிடையே பெரும்பெயர் பெற்றிருந்தார். காட்டுப்பன்றி வேட்டைக்கான ஈட்டி, வேட்டைக் கத்தி. அலகில் அவர் பெயர். நம் சேகரிப்பாளர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு இதில் தெரிவது வேறு. அந்தக் கைகள் படைக்கு வாள் அடிக்கும் கைகள். வாங்க யாருமில்லாமல் போனபின் துரைமாரின் பொழுதுபோக்குக்கு அடித்தன. இலங்கையில் இது இன்னும் ஒரு படி போயிற்று: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆனந்த குமாரசாமி மூசை உருக்குச் செய்முறையைப் பதிவு செய்தபோது, தொழிலை விட்டுப் பல காலமான முதியவர் ஒருவர்தான் அவருக்காகச் செய்து காட்ட வேண்டியிருந்தது.

ஆப்பிரிக்காவிலும் கால வரிசை இதுவே. ஐரோப்பிய வல்லரசுகள் கூடி இயற்றிய 1890 பிரஸ்ஸல்ஸ் சட்டம் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்குத் துப்பாக்கி போவதைத் தடுத்தது. 1898 செப்டம்பர் 2 அன்று ஓம்துர்மானில், வாளும் ஈட்டியும் பழைய துப்பாக்கியும் ஏந்திவந்த சூடானியர் 10,000 பேருக்கு மேல் ஒரே பொழுதில் இயந்திரத் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் இரையானார்கள். அவர்களின் கஸ்காராக்கள் சிப்பாய்களின் நினைவுப்பொருளாக இங்கிலாந்து போயின. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1799 மே மாதம் கொள்ளையிட்ட வாள்கள் போனது போலவே. கானோ 1903இல் பிரிட்டிஷாரிடம் விழுந்தது. அதற்குப் பிறகுதான் ஆப்பிரிக்கக் கிராமங்களில் தாது உருக்கும் உலைகள் வரிசையாக அணைகின்றன. அலகு இறக்குமதியின் பொற்காலத்தில் எரிந்த உலைகள் அவை.

உலை அணைந்தாலும் பட்டறை அணையவில்லை. சூடானின் கஸ்ஸலா நகரில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் கொல்லர்கள் கஸ்காரா அடித்தார்கள். சோலிங்கன் வருவது நின்றுபோனபின் அவர்கள் எடுத்துக்கொண்ட இரும்பு லாரி ஸ்பிரிங் பட்டை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் வழியில் உள்ள கொல்லுப்பட்டறைகளிலும் இதே பட்டையைத்தான் பார்க்கிறேன். அசோக் லேலண்ட் 1980இல் ஓசூருக்கு வந்தது. லாரி இந்த ஊரின் அடையாளங்களில் ஒன்று. ஓடித் தேய்ந்த லாரியின் பட்டையைக் காயலான் கடையில் எடைக்கு வாங்குகிறார்கள். உலையில் செவ்வண்ணம் ஏறியதும் உளி வைத்து நெடுக்கில் பிளக்கிறார்கள். மின்சார ஊதுகுழல் வந்துவிட்டது, சம்மட்டி கையால்தான். கொடுவாள் உருவம் வந்ததும் வாய்ப்பக்கத்தை மட்டும் மறுபடி காய்ச்சித் தண்ணீரில் நனைத்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். முதுகுப்பக்கம் மெதுவாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மரத்தில் பட்டதும் ஒடியும். ஆலையில் அளந்து கலந்த உருக்கைப் பார்வையாலும் சுத்தியின் ஒலியாலும் அளக்கிற அறிவு அது. ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அலகுக்குக் கட்டுப்பாடு உண்டு; வேளாண்மைக்கும் வீட்டுக்கும் ஆனவற்றுக்கு விலக்கு. அந்த விலக்கில்தான் இந்தப் பட்டறைகள் வாழ்கின்றன.

இந்த வரலாற்றுக்கான சான்று இன்னும் நம் காலடியில் இருக்கிறது. 2010இல் பெங்களூரின் தேசிய உயர் ஆய்வு நிறுவனமும் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகமும் சேர்ந்து வட தெலங்கானாவில் ஊர் ஊராக நடந்து, இரும்பும் உருக்கும் செய்த 200க்கும் மேற்பட்ட இடங்களைப் பதிவு செய்தன. அந்த நிறுவனம் ஓசூரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலும் அதேபோல ஊர் ஊராக நடக்க வேண்டும். உடைந்த மூசை ஓட்டிலும் இரும்புக் கிட்டத்திலும் ஒட்டியிருக்கும் கரித்துண்டு, உலை எரிந்த காலத்தைத் தோராயமாகவாவது சொல்லும். கடைசி உலை வனச் சட்டத்துக்கு முந்தியதா பிந்தியதா, ரயிலுக்கு முந்தியதா பிந்தியதா என்று ஊர்வாரியாகத் தேட அது ஒரு தொடக்கம். மனைப்பிரிவுகளும் தொழிற்பேட்டைகளும் விரிகிற வேகத்தில் கிட்ட மேடுகள் சாலைக்கு நிரவலாகப் போகின்றன. ஊராட்சிகளும் கல்லூரி வரலாற்றுத் துறைகளும் தொல்லியல் துறையும் மனம் வைத்தால், வருகிற கோடையிலேயே வேப்பனப்பள்ளிப் பக்கமிருந்தோ தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்தோ தொடங்கலாம்.